அடுக்களை இல்லாத சமையல்

வீடு முழுக்க அழுகிய முட்டை வாடை. முட்டையோ வாங்கவே இல்லை.

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலை முறைத்தார். அங்கே குளத்துச் சேறு நிரப்பிய கண்ணாடி பாட்டில் ஊதா நிறமேறி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உயிரியல் டீச்சரான அவர் மனைவி, மறுநாள் வகுப்பில் காட்டுவதற்காக வளர்த்தது.

"தைச்ச கோட்டெல்லாம் நாறுது. தூக்கிப் போட்டுரட்டுமா?"

"தொடாதீங்க. அதுல இருக்கிற பாக்டீரியா நாத்தத்தைத் தின்னுற ஜாதி. இலைக்குள்ள பசுங்கணிகம்னு குட்டிக் குட்டி அடுக்களை இருக்கு, வெயிலை வெச்சு அங்கதான் சமையல். இதுங்களுக்கு அது கிடையாது. உடம்புச் சவ்வுலயே நிறமி இருக்கு, அதுலயே வெயிலைப் பிடிச்சுக்கும். தண்ணிக்குப் பதிலா சேத்துல வர்ற நாத்த வாயுவை எடுத்துக்கும்."

"அடுக்களையே இல்லாம சமையலா? கொடுத்து வெச்சதுங்க," என்றார் அவர், எழுந்து போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டே.

அவள் பள்ளிக்குக் கிளம்பியதும் கோட்டுக்கு வைத்திருந்த கறுப்புத் துணியால் பாட்டிலை இறுகச் சுற்றினார். வெயில் போனதும் உள்ளே இருந்ததுகள் பட்டினி கிடந்தன. தின்ன ஆளில்லாத நாற்றம் மூடி வழியாகக் கசிந்தது. தெருவுக்குத் தெரியக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினார். அவருக்கே தலை சுற்றியது. ஒரு டீ போடலாம் என்று எழுந்தபோது கதவு தட்டப்பட்டது.

"கேஸ் ரிப்பேருங்க. கூப்பிட்டிருந்தீங்களே."

கீழ்வீட்டு அக்கா புகார் செய்துவிட்டார் என்று தையல்காரருக்கு மானமே போயிற்று. "கேஸ் இல்லீங்க. பாட்டில்."

"வந்தது வந்துட்டேன், பாத்துட்டே போறேன்."

கேஸ்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்புக் குழாயில் சோப்பு நுரையைத் தடவினார். நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது.

"அடுப்பை மட்டும் பத்த வெச்சிருந்தீங்கன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

தையல்காரருக்குப் போட எழுந்த டீ ஞாபகம் வந்தது.

மாலையில் மனைவி திரும்பியபோது புதுக் குழாய் மாட்டியிருந்தது. பாட்டில் துணி களைந்து பழையபடி வெயிலில் நின்றது. அதன் எதிரே கைகட்டி நின்றிருந்தார் கணவர். நடந்ததைக் கேட்டவள் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நேரே கீழ்வீட்டுக்கு இறங்கினார்கள்.

"அக்கா, வாடை வருதுன்னு நீங்க மட்டும் ஃபோன் பண்ணலைன்னா இன்னைக்கு நாங்க இல்ல," என்றார் தையல்காரர், கண் கலங்க.

அக்கா கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார்.

"வாடையா? சளி பிடிச்சு எனக்கு மூக்கே வேலை செய்யலப்பா. என் அடுப்பு பத்தலைன்னு காலையிலயே வரச் சொன்ன கேஸ்காரரைத்தான் இன்னும் காணோம்."