மஞ்சள் பூட்ஸ்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் வரலாற்றில் இல்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயரும் இல்லை. ஆகவே, சாக்கடை அடைப்பு எடுப்பது ஓர் உன்னதக் கலை என்று கண்டுபிடித்தது எங்கள் மாநகராட்சி என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுவது நல்லது.

கண்டுபிடிப்பு ஒரு கூட்டத்தில் நிகழ்ந்தது. 'நகரைத் தாங்கும் கரங்கள்' என்ற பெரிய சுவரோவியம் தீட்டுவதென முடிவாயிற்று. 'கைகள்' என்றால் வேலை செய்வது போல இருக்கிறது என்று ஆணையர் கருதியதால் 'கரங்கள்'. பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச்சுவர் ஒதுக்கப்பட்டது. கரங்களுக்கு உரியவராகக் கம்பிக்காரர் தேர்வானார்.

நீண்ட கம்பியைச் சாக்கடைக்குள் விட்டு அடைப்பை உடைப்பவர் கம்பிக்காரர். கம்பிக்கு மசியாத அடைப்புக்கு அவரே இறங்குவார். இருபத்திரண்டு வருடமாக வெறுங்காலோடு இறங்குகிறார். போன மாதம் இடது காலில் கண்ணாடிச் சில்லு ஏறியது. புண் ஆறவில்லை.

"பூட்ஸ் இல்லாம இனிமே இறங்காதீங்க. கால எடுக்க வேண்டி வந்துரும்" என்றார் கட்டுப் போட்ட நர்ஸம்மா.

பூட்ஸ் கேட்டு மூன்று மனு போட்டிருந்தார். மூன்றும் 'பரிசீலனையில்' இருந்தன. மாநகராட்சியில் ஈரம் படாத இடம் அது ஒன்றுதான்.

சுவரோவியம் தீட்ட வந்த பெண், சுவருக்கு முன்னால் அவரை நிற்க வைத்து வரைந்தாள்.

"அப்படியே நில்லுங்கண்ணே. அந்த வெறுங்கால்தான் பேசுது."

"அது பேச வேணாம்மா. ஒரு பூட்ஸ் போட்டு வரைஞ்சிடுங்களேன்."

"எதுக்குண்ணே? இதுதானே நிஜம்?"

"நிஜத்தோடதான் தினமும் கெடக்கறேன். எம் பொண்ணு இங்கதான் காலேஜ் பஸ் ஏறுவா. கூடப் படிக்கிற புள்ளைங்க பாக்கும்."

அவள் தூரிகையைத் துடைத்தாள். "என்ன கலர்?"

"மஞ்சள். முட்டி வரைக்கும்."

திறப்பு விழாவில் ஆணையர் திரையை விலக்கினார். பன்னிரண்டடி உயரத்தில் கம்பிக்காரர் நின்றார். "இந்தப் பூட்ஸில் ஒரு நகரத்தின் மனசாட்சி மின்னுகிறது" என்று ஆணையர் பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும் கம்பிக்காரரின் மனைவி மெல்லக் கேட்டாள்.

"யாருங்க அது?"

"நான்தான். பூட்ஸப் பாரு."

"பூட்ஸ் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கறவரத்தான் அடையாளம் தெரியல."

மறுவாரமே மனுக்களுக்குப் பதில் வந்தது. 'மனுதாரருக்கு முழங்கால் அளவு மஞ்சள் காலணி ஒரு ஜோடி இருப்பது நேரடி ஆய்வில் உறுதி செய்யப்பட்டது. மனுக்கள் முடித்துவைக்கப்படுகின்றன.'

கம்பிக்காரர், பதிலில் கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரியின் மேசைக்கு முன் போய் நின்றார்.

"ஆய்வு யார் சார் பண்ணது?"

"நானேதான். டீக்குப் போறப்ப பார்த்தேன். அருமையான பூட்ஸ்."

"அது படம் சார்."

"யாரு படம்?"

"என்னோடது."

"கால்ல என்ன இருக்கு?"

"பூட்ஸ்."

"அப்புறம் என்னய்யா? ஆணையர் கையால திறந்து வச்சது. அவர் பொய்யத் திறந்து வச்சார்னு எழுதித் தரியா?"

கம்பிக்காரர் எழுதித் தரவில்லை. காலை மேசைக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினார். அதிகாரி பெருந்தன்மையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பூட்ஸ் இருந்தும் போடலன்னா ஒழுங்கு நடவடிக்கை. நான் இதப் பார்க்கல. போ."

மழை பிடித்தது. ஓவியத்துக்கு எதிரில் இருந்த மூடியிலிருந்து சாக்கடை பொங்கி, சுவரில் இருந்த பூட்ஸ்மீது தெறித்தது. 'கலைக்கு நேர்ந்த அவமதிப்பு' என்று ஒரு பத்திரிகை கண்ணீர் விட்டது. ஒரு மணி நேரத்தில் அவசரக் கூட்டம். பூட்ஸுக்கு ஆண்டுதோறும் புது வண்ணம் பூசுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அதுவரை மேலும் தெறிக்காமல் இருக்க, அடைப்பை உடனே எடுக்கச் சொல்லிக் கம்பிக்காரரை அனுப்பினார்கள். கம்பிக்கு அடைப்பு மசியவில்லை. அவர் இறங்கினார். இடுப்பளவு நீரில் இரண்டு மணி நேரம். ஓவியம் காப்பாற்றப்பட்டது.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கட்டு பிரித்த பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கேட்டு மகள் கையால் நான்காவது மனு எழுதினார். மாநகராட்சியின் வேகத்தைக் குறை சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்: பதில் அன்று மாலையே வந்துவிட்டது. மகள் பிரித்தாள். படித்துவிட்டு மடித்தாள்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா."

"படி. நான் கேட்காததா?"

அவள் படித்தாள்.

'மனுதாரருக்கு இரண்டு கால்களும், பூட்ஸுடன், நல்ல நிலையில் இருப்பது நேரடி ஆய்வில் உறுதி செய்யப்பட்டது. நாளைக் காலை பணிக்கு வரவும்.'