காளிங்கராயருக்கு விழுந்த அறை

வலது தோள்பட்டை மறுபடியும் பிடித்துக்கொண்டது. கொண்டை முடியப் போன கையைப் பாதியில் நிறுத்தி, "ஆத்தாடி" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள் சுடலைவடிவு. கை காதுக்கு மேலே ஏறமாட்டேன் என்றது.

"முப்பது வருசம் ரைஸ்மில் களத்துல நெல்லு தள்ளுன தோளு. தேயாம என்ன செய்யும்? டாக்டர் சொன்னதைக் கேளும்மா," என்றாள் மகள் பொன்செல்வி, அம்மாவின் கூந்தலை வாங்கி முடிந்தபடி.

"டாக்டருக்கு என்னட்டி தெரியும்? இது நெல்லு தள்ளுன வலியில்லை. ஒரு பெரிய மனுசனைக் கை நீட்டி அடிச்ச வலி."

தச்சநல்லூரில் அந்த அறையைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. ரேஷன் கடை வரிசையில்கூட, "யாரு, நடிகரை அறைஞ்ச அக்காவா? முன்னால போங்க" என்று வழி விடுவார்கள். அவளுக்கு அதில் பெருமையும் உண்டு, உறுத்தலும் உண்டு. வயது ஏற ஏறப் பெருமை தேய்ந்து உறுத்தல் மட்டும் நின்றுவிட்டது.

நடந்தது தொண்ணூற்றொன்பதில். அந்த நாடகத்துக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. மில்லில் வேலை பார்த்த யாருக்கும் அது ஞாபகமில்லை. ஏழு மணி நாடகம், அவ்வளவுதான். முதலாளி வீட்டுக்குப் புது டிவி வந்ததும் பழையது மூட்டை அடுக்கும் கொட்டகைக்கு வந்தது. படம் தெளிய வேண்டுமென்றால் ஒருத்தி வெளியே ஆன்டெனாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளால் படம் பார்க்க முடியாது. காதால் கேட்டுத்தான் அழ வேண்டும். அதற்கு முறை வைத்திருந்தார்கள். முறை வருகிற அன்று காய்ச்சல் என்று படுத்தவர்களும் உண்டு.

தவிட்டுத் தூசி, வேர்வை, அவித்த நெல்லின் ஆவி, இத்தனைக்கும் நடுவில் காளிங்கராயர் வருவார். கொடுமைக்கார மாமனார். நடித்தவர் சிவசங்கரன். முறுக்கு மீசை, வெள்ளை வேட்டி, ஒரு கனைப்பு. அவர் கனைத்தால் மடியில் கிடக்கிற கைப்பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிடும்.

ஒருநாள் காளிங்கராயர், பிள்ளைத்தாச்சி மருமகளைக் கொட்டுகிற மழையில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தியதும் கரண்டு போய்விட்டது. கதவு திறந்ததா, அவள் கதி என்ன, ஒருத்திக்கும் தெரியாது. சுடலைவடிவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். கூட்டத்தில் அவர் நிற்கிறார். அதே மீசை. அதே வெள்ளை வேட்டி. கடலை கொறித்துக்கொண்டு நிற்கிறார்!

"ஒரு பிள்ளைத்தாச்சியை மழையில நிறுத்திட்டு, இங்கன நின்னு கடலையா திங்கே?" என்று விட்டாள் ஒரு அறை. நெல் மூட்டை புரட்டிய கை. கடலையெல்லாம் ரோட்டில் சிதறியது. மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

"நடிகன் எதுக்குட்டி பஸ்ஸுல போறான்?" என்று அவள் புருசன் சங்கிலிபூதத்தான் கேட்டார்.

"ஏன், பஸ்ஸுல ஏற அவுகளுக்குக் காலு கிடையாதா?"

அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார். அடுத்த வாரமே காளிங்கராயர் திருந்தி, மருமகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனது வேறு வசதியாகிவிட்டது. சுடலைவடிவு கொடுத்த அறையில்தான் கதையே மாறிற்று என்று மில் முழுக்கப் பேச்சு. முதலாளிகூட அதன்பிறகு அவளிடம் குரலை உயர்த்துவதில்லை.

நாடகம் முடிகிற அன்றைக்குக் காளிங்கராயர் மருமகள் மடியில் தலைவைத்துச் செத்தார். கொட்டகையே அழுதது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவளும் அழுதாள். சுடலைவடிவு மட்டும் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுசன். அறையை வாங்கிக்கொண்டு பேசாமல் போனாரே.

இப்போது அந்தச் சிவசங்கரனுக்கு எழுபத்தைந்து. மைக் செட் மகாராஜாதான் அதைக் கண்டுபிடித்தான். அவனுக்கு அந்த நாளில் பன்னிரண்டு வயது. கொட்டகை வாசலில் நின்று நாடகம் பார்த்தவன். யார் யாரையோ பிடித்து நடிகரின் நம்பரையும் வாங்கிவிட்டான். பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பகல், மில் களத்தில் பந்தல், கேக், மீன் குழம்புச் சாப்பாடு. முட்டி வலியால் நடிகர் வரமாட்டார். போனில் முகம் காட்டிப் பேசுவார்.

"மைனி, நீங்க மேடையில நின்னு மன்னிப்புக் கேக்கணும். அதான் விழாவே," என்றான்.

சுடலைவடிவுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சாகிறதற்குள் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பொன்செல்வி நடிகருக்குப் போன் போட்டாள்.

"என் பிறந்தநாளா? திருநெல்வேலியிலயா?" குரல் தளர்ந்திருந்தது. "பேசுறேம்மா. எனக்கு வேற என்ன வேலை?"

"எங்க அம்மாவும் பேசணும்ங்காவ சார். வண்ணார்பேட்டையில உங்களை அறைஞ்சது அவியதான்."

"என்னது?"

"அறைஞ்சது சார். தொண்ணூத்தொம்பதுல."

"அம்மா, நான் திருநெல்வேலிப் பக்கமே வந்தது கிடையாதே!"

சுடலைவடிவு போனைப் பிடுங்கி அணைத்தாள். "கேட்டியா? ஊரையே வெறுத்துட்டாரு."

"எம்மா, வந்ததே இல்லைன்னுல்லா சொல்லுதாரு."

"கோவத்துல சொல்லுதாருட்டி. உங்க அப்பாவும்தான் சண்டையில, எங்க அய்யா வீட்டுப் படியை மிதிச்சதே இல்லைன்னாரு. மிதிக்காமலா நீ பொறந்தே?"

மகாராஜா யோசனை சொன்னான். "ஒத்தைக் குரல்ல கேட்டா கோவம் இறங்காது மைனி. களத்துல வேலை பாத்த அத்தனை பேரும் சேந்து கேப்போம்."

பதினோரு பெண்கள் கூடினார்கள். மகாராஜா தொழில் சுத்தமாகப் பதிவு செய்து, எக்கோவும் வைத்து அனுப்பினான். "அறைஞ்சது தப்புத்தான் சாமீ... ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு எல்லாரும் வாறோம்... வாறோம்... வாறோம்..."

சாயங்காலம் நடிகரின் மகன் கூப்பிட்டான்.

"யாருய்யா நீங்கள்லாம்? எழுபத்தஞ்சு வயசு மனுஷனை அடிக்க ஆள் சேர்க்கிறீங்களா? போலீஸுக்குப் போவேன், தெரியுமா?"

"அய்யோ சார், இது உங்க அப்பாவோட ரசிகர் மன்றம்!"

"அடிக்கிறதுக்கு மன்றம் வேறயா?" போன் வைக்கப்பட்டது.

"பயந்துட்டான்," என்றான் மகாராஜா. "ஆளைப் பாத்தா பயம் தெளிஞ்சிரும். பிளெக்ஸைப் படம் எடுத்து அனுப்புவோம்."

பிளெக்ஸில் சுடலைவடிவு நடிகரைக் கும்பிடுகிற மாதிரி இருக்க வேண்டுமென்று போட்டோ எடுத்திருந்தார்கள். கும்பிட்ட கையைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னபோது இடது கை வலித்த தோளைப் பிடித்துக்கொண்டது. வலது கை மட்டும் காதுவரைக்கும் வந்து, விரித்தபடி நின்றுவிட்டது. வலியில் பல்லைக் கடித்திருந்தாள். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் மகாராஜா அடித்திருந்தான்: "அன்று உங்களை அறைந்த கை இதோ!"

படம் போய்ச் சேர்ந்தது. மகன் போனும் அணைந்தது, அப்பா போனும் அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பந்தலில் நூறு பேர். அந்தக் காலத்துப் பெண்கள், பல் போனவர்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும், முதல் வரிசையில் தரையில்தான் உட்கார்ந்தார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "நாடகத்துக்குக் கீழே உக்காந்தாத்தான் எனக்குக் கண்ணு தெரியும்," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி பழக்கதோஷத்தில், "இன்னைக்குக் கம்பி பிடிக்க யாரு முறை?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்துத் தானே கண்ணைத் துடைத்தாள்.

கேக்கில் காளிங்கராயர் வாழ்க என்று எழுதியிருந்தது. உவரியிலிருந்து சீலா மீன் கொண்டுவந்திருந்த வேதமுத்து, காலிப் பெட்டிக்காக அடுப்புப் பக்கம் காத்திருந்தார். மணி பன்னிரண்டு.

"அவரு பேசலேன்னா கேக்கை நான் வெட்டமாட்டேன்," என்றாள் சுடலைவடிவு. "எனக்கு இந்த ஜென்மத்துல விமோசனம் இல்ல. போதும், பந்தலைப் பிரிங்க."

அப்போது பொன்செல்வி கையிலிருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அம்மா, நான் சிவசங்கரன் பேசுறேன். பையன் என் போனை எடுத்து வச்சுட்டான். எழுதி வச்சிருந்த உங்க நம்பரைப் பார்த்து வாட்ச்மேன் போன்ல பேசுறேன். முகமெல்லாம் தெரியாது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "காலையிலேர்ந்து வாழ்த்த ஒருத்தரும் வரலம்மா. அறையுற கூட்டமா இருந்தாலும் பரவாயில்ல, யாராவது பேசினாப் போதும்னு ஆயிடுச்சு."

மகாராஜா மைக்கைப் போனருகே பிடித்தான். பொன்செல்வி மெல்லக் கேட்டாள். "சார், ஒரு தடவை கனைக்க முடியுமா? எல்லாரும் காத்திருக்காவ."

நடிகர் கனைத்தார்.

பந்தல் அடங்கிப் போயிற்று. கிழவிகள் முந்தானையை இழுத்துச் செருகி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுப்பில் கரண்டி நின்றது. இருபத்தாறு வருடம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தவிட்டு வாசம் மூக்கில் ஏறியது. "கதவைத் திறடி, என் மருமக நனையுறா!" என்று அந்தத் தளர்ந்த குரல் பழைய உறுமலில் முழங்கியபோது, முதல் வரிசை முழுக்க ஒப்பாரி மாதிரி அழுதது.

சுடலைவடிவு மைக் அருகே போனாள். வீட்டில் மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"அய்யா, நான்தான்யா. வண்ணார்பேட்டையில... பிள்ளைத்தாச்சியை மழையில நிறுத்தினீகளேன்னு... புத்தியில்லாம அடிச்சிட்டேன். நடிப்புன்னு தெரியல. வயித்துல பிள்ளையோட நானும் அப்படி மழையில நின்னவதான்யா. மன்னிச்சிருங்க."

மைக் மட்டும் இரைந்தது.

"எந்தக் கன்னம்மா?" என்றார் நடிகர்.

"இடது கன்னம்யா."

"ஆமா ஆமா. இடதுதான். இப்ப ஞாபகம் வந்துடுச்சு. அடேயப்பா, என்ன அறை! அன்னைக்குப் பூரா காது ரீங்குன்னு கேட்டுச்சு."

"வந்ததே இல்லைன்னீகளே அய்யா?"

"அறை வாங்கினதை ஊருக்குச் சொல்ல வெட்கமா இருக்காதாம்மா? அதான் மறைச்சேன்." குரல் கனிந்துபோயிருந்தது. "மன்னிச்சுட்டேன். வருஷா வருஷம் இந்த நாளுக்குக் கூப்பிடுங்க. அது போதும்."

பந்தல் கைதட்டியது. சங்கிலிபூதத்தான் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேக்கை வெட்டி முதல் துண்டை எல்லாரும் சுடலைவடிவு வாயில்தான் ஊட்டினார்கள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு காலியாக, லேசாக இருந்தது. இலை போட ஆரம்பித்தார்கள்.

உவரிக்காரர் வேதமுத்து அடுப்புப் பக்கமிருந்து பைய நடந்து வந்து அவள் முன்னால் நின்றார். எழுபதைத் தாண்டிய மனிதர். மீசை நரைத்துத் தொங்கியது.

"பெட்டியா அண்ணாச்சி? கழுவி அந்தா அங்கன வச்சிருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

"பெட்டி கிடக்கட்டும்மா. மைக்குல நீ பேசினதை முழுக்கக் கேட்டேன். அந்தப் பிள்ளைத்தாச்சி... டிவியிலயா நின்னா?"

"ஆமா அண்ணாச்சி. நாடகத்துல."

"அப்ப நெசமா அப்படி ஒரு பொண்ணே கிடையாதா?"

"கிடையாது. ஏன் கேக்கிய?"

வேதமுத்து அப்படியே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"எம்மா, அன்னைக்கு வண்ணார்பேட்டையில உன்கிட்ட அறை வாங்கினது நான், பக்கத்துல நின்ன எம் பொஞ்சாதி லூசி, மழையில நின்ன பிள்ளைத்தாச்சி யாருன்னு இருவத்தாறு வருசமா என்னை விடாமக் கேக்கா, அதனால நீ உவரிக்கு வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், அந்த ஒரு வார்த்தை எனக்கு நீ இன்னும் பாக்கி."