நெடுந்தெரு, கதவு எண் பத்தொன்பது

19, நெடுந்தெரு,
ராயபுரம், சென்னை.
விஜய வருஷம் ஐப்பசி மாதம் 28ம் தேதி.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் உடன்குடி சிவந்திக்கனி அவர்களுக்கு மாசானம் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும் தங்கள் தங்கை சீனியம்மாளும் மகன் சுயம்புவும் சௌக்கியம். வீடும் சௌக்கியம். அவ்விடத்தில் தாங்களும் வீட்டாரும், தை மாதம் எங்கள் மருமகளாக வரவேண்டிய தங்கபுஷ்பமும், கன்று போட்டிருப்பதாக எழுதியிருந்த பசுவும் சௌக்கியமாயிருக்கத் திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறோம்.

தங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கருப்பட்டி ஏற்றிக்கொண்டு பட்டணம் வந்துபோன யாரோ ஒருவர், நம் தெருவில் ஆறு வீடுதான் பாக்கி, மற்றதையெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டது என்று அங்கே வந்து சொன்னாராம். ஒரே பெண்ணை எந்த நம்பிக்கையில் அனுப்புவது, தெருவின் சரித்திரத்தை ஒளிக்காமல் எழுதவும், அதைப் படித்த பிறகுதான் முகூர்த்தம் குறிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். புதுவீடு புகுந்தபோது தங்கள் தகப்பனார் கொடுத்தனுப்பிய தேக்குக் கதவு எப்படியிருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கதவு நன்றாயிருக்கிறது. ஆறு வீடு என்று சொன்னவர் யார் என்று தெரிந்தால் நல்லது. அவர் எண்ணியது சரிதான், ஆனால் எண்ணிய விதம் சரியில்லை.

1928ல் நான் இந்த வீட்டை வாங்கியபோது ஒற்றை வரிசையில் இருபத்துநாலு வீடு. கடல் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து மேற்கே ரயில்வேச் சுவரில் முட்டி இருபத்துநாலோடு நிற்கும். நம்முடையது பத்தொன்பது. விற்றவரிடம் கடல் எங்கே என்று கேட்டேன். "கடலா? அது அந்தாண்ட கீது நைனா. கட்டுச்சோறு கட்டிக்கினு போவணும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 1931ல் தாங்கள் வந்திருந்தபோது கடலில் குளிக்கப் போய்விட்டு, போக வர நடந்ததில் செருப்பு அறுந்துவிட்டது என்று எங்களைக் கோபித்துக்கொண்டது ஞாபகமிருக்கும். அந்தக் குறை இப்போது இல்லை.

தெருவுக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது. இதை நான் சொல்லவில்லை, எங்கள் தெருச் சங்கத் தலைவர் பொன்னுரங்கம் சொல்கிறார். மீன்பிடிக் குடும்பம், ஆறாம் நம்பர் வீட்டுக்காரர். சரித்திரம் கேட்டால் கிழக்கே திரும்பிக் கடலுக்குள் கையை நீட்டித்தான் சொல்வார். "அதோ ஒரு கட்டுமரம் போவுது பாரு, அதான் எங்க தாத்தா வூட்டு சமையக்கட்டு. அதுக்கு இந்தாண்ட தென்னந்தோப்பு கீது." அந்தச் சமையல்கட்டும் தோப்பும் கதவு எண் தகடு அடிக்கும் முன்பே போனவை. எண் இல்லாததால் அவற்றை நான் இழப்பில் சேர்க்கவில்லை. பொன்னுரங்கத்தின் ஆறாம் நம்பர் 1939ல் போயிற்று. ஆனால் அவர் வீட்டுக் கிணறு போகவில்லை, உறை கடலடியில் அப்படியே நிற்கிறது. யாருடைய வலையாவது அதில் மாட்டிக் கிழிந்தால், அவர்கள் கொருக்குப்பேட்டையில் அவர் இப்போது குடியிருக்கும் இடத்துக்கு நேரே போய்ச் சண்டை பிடிக்கிறார்கள். அவரும் கிணற்றுக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் மன்னிப்புக் கேட்டு, அன்று முழுக்க உட்கார்ந்து வலையைப் பொத்திக் கொடுத்து அனுப்புகிறார்.

வீடு போவதென்றால் தாங்கள் நினைக்கிறபடி இடியும் மின்னலுமாகப் போவதில்லை. சொல்லிக்கொண்டுதான் போகும். ஒன்றாம் நம்பர் மங்கம்மா, மீன் விற்கிற அம்மாள், தெருவில் முதலில் கடலுக்கு வீட்டைக் கொடுத்தவள், இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். "நண்டு முத்தத்துக்கு வந்தா ரெண்டு வருசம். அடுப்பாண்ட வந்தா ஒரு வருசம். அரிசிப் பானைல வந்து குந்திக்கினா பொட்டியக் கட்டு." இந்தக் கணக்கு இதுவரை பதினைந்து வீட்டில் சரியாக வந்திருக்கிறது. நண்டு பானைக்கு வந்ததும் கதவு, நிலை, ஓடு, எண் தகடு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போய்விடுவார்கள். கடல் வந்து பார்த்தால் நாலு மண் சுவர்தான் இருக்கும். 1942ல் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே காலியானபோது நாங்கள் தங்கள் வீட்டில் நாலு மாதம் இருந்து சாப்பிட்டோம், அதை மறக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஜப்பான்காரன் வரவில்லை. கடல் வந்துபோயிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் இல்லை. நண்டு சொல்ல வந்தபோது ஆளில்லாமல் போனதுதான் காரணம் என்று மங்கம்மா சொன்னாள்.

நம் வீட்டு முற்றத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நண்டு வந்தது உண்மை. முற்றம் சமையல்கட்டு அல்ல. அது வழி தவறி வந்த நண்டு என்று நான் அப்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மச்சான், எனக்குக் கடலோடு சண்டை இல்லை. கடலுக்குள் விலாசம் வைத்துக்கொண்டு கரையில் வாழ்கிற இந்த ஆட்களோடுதான் சண்டை. மங்கம்மா கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிக் குடிசை போட்டு அதன் வாசலில் ஒன்றாம் எண் தகட்டை அடித்திருக்கிறாள். அவளுக்குக் கடிதம் போடுகிற சொந்தக்காரர்கள் இன்றுவரை '1, நெடுந்தெரு' என்றே எழுதுகிறார்கள். தபால்காரர் அப்பாவு அதை எடுத்துக்கொண்டு இங்கே வந்து, தெரு முடிகிற இடத்தில் நின்று, கடலைப் பார்த்து நம்பரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிடுகிறார். பிறகு சைக்கிளை மிதித்துக் கொருக்குப்பேட்டைக்குப் போகிறார். நேரே அங்கே போனால் என்ன என்று கேட்டேன். "இன்னா நைனா, மேல எழுதுன எடத்துக்கு முதல்ல போவணுமா வாணாமா? அங்க இல்லன்னாதான் வேற எடம்" என்றார். பதினெட்டு வீட்டுக்கும் இந்த மரியாதை நடக்கிறது. நிற்கிற வீட்டுக்காரனான என்னை அவர் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்.

ஆடி மாதம் அம்மன் ஊர்வலம் இன்னும் மோசம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அம்மனை இறக்கி, தேங்காய் உடைத்து, மாலையும் தாம்பூலமும் கொடுப்பது இந்தத் தெரு வழக்கம். முதல் மரியாதை ஒன்றாம் நம்பருக்கு. நான் வந்த புதிதில் பத்தொன்பதாம் ஆளாக நின்றேன், அது நியாயம். இப்போது கிழக்கிலிருந்து வந்தால் முதலில் தட்டுப்படுகிற வீடு என்னுடையது. ஆகையால் போன ஆடிக்கு முன்பு, முதல் மரியாதை இனி எனக்குத்தான் என்று சங்கத்துக்கு எழுத்துமூலமாகக் கொடுத்தேன். சங்கம் கூடிற்று. வந்தவர்களில் பதினெட்டுப் பேர் கடல் வீட்டுக்காரர்கள். பொன்னுரங்கம் என் காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வூடு போனா இன்னா நைனா, நம்பர் போவுமா?" என்றார். அதோடு கூட்டம் முடிந்தது.

ஆடியில் அம்மன் வந்தாள். மங்கம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பதினெட்டுக் குடும்பம், அவரவர் வாசல் இருந்த திசையைப் பார்த்து நிற்கிறார்கள். ஆறாம் நம்பர் இடத்தில் பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மனைத் தூக்கி வந்தவர்கள் அலையில் இறங்கி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று நின்று வந்தார்கள். என் வாசலுக்கு வருவதற்குள் தேங்காய் தீர்ந்துவிட்டது. எனக்கு வெறும் வெற்றிலைதான் கிடைத்தது, அதுவும் உப்புத் தண்ணீர் பட்ட வெற்றிலை. சொந்தமாக வாசல் வைத்திருக்கிறவனுக்கு இந்தத் தெருவில் இவ்வளவுதான்.

தாங்கள் கேட்ட அத்தாட்சிக்கு வருகிறேன். போன மாதம் அளவு எடுக்கிற ஒருவர் ஓர் உதவியாளோடு வந்தார். எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை. நூறடிச் சங்கிலி வைத்திருந்தார். ரயில்வேச் சுவரில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே இழுத்ததில் மறு நுனி தண்ணீருக்குள் போய்விட்டது. அதைப் பிடித்திருந்தவருக்கு இடுப்புவரை நனைந்துவிட்டது. "ஆறு வூடு கீது, இதுக்கு நெடுந்தெருன்னு யாருப்பா பேர் வெச்சது?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "புக்குல இருவத்திநாலு கீது. நான் ஆறுன்னு எழுதினா பாக்கி எங்கன்னு என்னியத்தான் கேப்பாங்க. எனக்கு எதுக்கு பேஜாரு?" என்று சொல்லி இருபத்துநாலு என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆகவே சர்க்கார் புத்தகத்தின்படி இந்தத் தெருவில் ஒரு வீடுகூடக் குறையவில்லை. கருப்பட்டி ஏற்றி வந்தவர் சொல் பெரிதா, புத்தகம் பெரிதா என்பதைத் தாங்களே யோசிக்கவும்.

கடல் இப்போது எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் ஒரு தூரம், சாயங்காலம் ஒரு தூரமாக இருக்கிறது. அடி கணக்கில் சொன்னால் தங்களுக்குத் தவறான எண்ணம் உண்டாகும். காற்று நல்ல காற்று. தங்கபுஷ்பத்துக்குச் சின்ன வயசில் இருந்த மூச்சுத் தொந்தரவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கீழண்டைச் சுவரைத் தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. பெண்ணுக்கென்று மேலண்டை அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். சுயம்பு தானே சுண்ணாம்பு குழைத்து அடித்தான். என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டான், ஆனால் தங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகையால் தயவுசெய்து தையில் நல்ல நாள் பார்த்து உடனே எழுதவும். தங்கள் அப்பாவின் கதவு மருமகளுக்காகத் திறந்தே இருக்கிறது.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசிகளும், மருமகளுக்குச் சீனியம்மாளின் முத்தமும் சொல்லவும். அங்குள்ள வேம்படி அம்மன் கோயிலில் என் பெயருக்கு ஒரு விளக்குப் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வே. மாசானம்

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி முடித்து உறைக்குள் போடும் நேரத்தில் தங்கள் தங்கை அரிசி அளக்கப் போனாள். போனவள் அளக்காமல் திரும்பி வந்து, "ஏங்க, நீங்களே வந்து பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். நடு வயசு நண்டு. பானையில் அரிசிமேல் உட்கார்ந்திருந்தது, எங்களைக் கண்டு அசையவில்லை. அடுப்படிக்கு நண்டு வந்ததே இல்லையே, கணக்குத் தப்பு என்றேன். "போன வருசமே வந்துச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு நாந்தான் கொழம்பு வச்சிட்டேன்" என்றாள். அந்தக் குழம்பு நன்றாயிருந்தது எனக்கு ஞாபகமிருக்கிறது. "எங்கண்ணனுக்கு உள்ளத எழுதிருங்க" என்று சொல்லிவிட்டுப் பானையைக் கழுவப் போய்விட்டாள்.

உள்ளதை எழுதுகிறேன். கீழண்டைச் சுவரைத் தட்டிப் பார்த்தேன் என்று எழுதியது நிஜம், கெட்டியாக இருந்தது என்பது நிஜமல்ல. மங்கம்மாவுக்கு யார் சொன்னார்களோ, ஒரு மணி நேரத்தில் வண்டியோடும் நாலு ஆளோடும் வந்துவிட்டாள். நான் அவளுக்கு எதிராகக் காகிதம் கொடுத்தவன். அவளோ வந்ததும் வராததுமாக, "கதவ மொதல்ல கயட்டு நைனா, அழுவறதுக்கு அப்பால டைம் கீது. எங்க வூட்டாண்ட எடம் உட்டு வெச்சிகீறோம்" என்றாள். இரண்டு வருஷமாக விட்டு வைத்திருக்கிறார்களாம். பொன்னுரங்கம் ஓட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். தங்கள் அப்பாவின் கதவைச் சுயம்புவே கழற்றிச் சாக்குச் சுற்றி வண்டியில் ஏற்றினான், ஒரு கீறல் இல்லை. இந்தப் பின்குறிப்பை அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இதைப் படித்தபின் பெண் தருவதில்லை என்று தாங்கள் எழுதினால் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். வருத்தமுண்டு. இருபத்தைந்து வருஷம் இருந்த வீட்டை விடுவதைவிட அதுதான் வருத்தம். முடிவு தங்களுடையது.

எதுவானாலும் பதில் போடவும். விலாசம் 19, நெடுந்தெரு என்றே இருக்கட்டும். தகட்டை நானே கழற்றி மடியில் வைத்திருக்கிறேன். அப்பாவு கடற்கரையில் நின்று ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு, கொருக்குப்பேட்டைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். வருகிற ஆடியில் நான் தண்ணீரில் பத்தொன்பதாவது இடத்தில் நிற்பேன். பக்கத்தில் மருமகள் நிற்கவும் இடம் விட்டு வைப்பேன். அங்கே முழங்கால் ஆழம்தான், பயமில்லை.