கயித்தரும் திரும்பி வந்த காற்றும்

எங்கள் பெரியகல்லாற்றில் மரண அறிவித்தல் ஒட்ட வருகிறவனைக்கூடச் சிரித்து வரவேற்பார்கள். கயித்தர் படலையைத் திறந்தால் மட்டும் வீடே வெலவெலத்துப் போகும்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் கூரை வேலை செய்தவர். தோளில் எந்நேரமும் ஒரு சுருள் நைலோன் கயிறு. மாரி பிறந்தால் வீடு வீடாகப் போய்ச் சுவரில் காதை வைத்து, நாடி பார்க்கும் பரியாரியைப் போலக் கண்ணை மூடுவார்.

"இந்தக் கூரை நிக்காது. கட்டட்டா?"

வேண்டாம் என்றாலும் கட்டுவார். கூரைக்கு மேலால் கயிற்றை எறிந்து, இரு பக்கமும் தென்னங்குற்றி புதைத்து இறுக்குவார். காற்றைக் காற்றென்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'ஆள்' என்பார்.

"ஆள் இப்ப கடலுக்குள்ளதான் நிக்கிறாரு. நல்ல பசியோட."

கேட்டவர்கள் கடல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பூமணி அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தில் கை வைத்த நேரம், கயித்தர் உள்ளே வந்து சுவரில் காதை வைத்தார். மாப்பிள்ளையின் தாயைப் பார்த்து, "இந்த ஊடு சரிவராது" என்றார். கூரையைச் சொன்னாரா, பெண்ணைச் சொன்னாரா என்று கேட்காமலே அவர்கள் எழுந்து போனார்கள். அக்கா ஊற்றிய மீன் கழுவின தண்ணீர் ஒரு கிழமை அவரில் மணத்தது. அவர் கட்டிய கயிற்றையும் அன்றே அறுத்தெறிந்தார் அக்கா.

அந்தக் கார்த்திகையில் ஆள் உண்மையாகவே வந்தார்.

விடிந்தும் வானம் மஞ்சள் காமாலை கண்டதுபோல் கிடந்தது. வாவி கரையை விட்டுப் பின்வாங்கிச் சேற்றைக் காட்டியது. பிறகு வடக்கிலிருந்து அடித்தது. தகரங்கள் வாழையிலையாய்ப் பறந்தன. பத்து மணியளவில், கதவைச் சாத்தியதுபோல் எல்லாம் நின்றது.

ஓர் இலை அசையவில்லை. கொக்குகள் நடுவீதியில் நின்றன, விரட்டினாலும் பறக்கவில்லை. பூமணி அக்காவும் மகளும் பறந்த தகரம் பொறுக்க வெளியே வந்தார்கள். கயித்தர் ஓடி வந்தார்.

"உள்ளுக்குப் போங்க! ஆள் கிறுகித் திரும்பி வாறாரு!"

"விசரனா நீ? காத்துத்தான் நிண்டிட்டே!"

"மூச்செடுக்க நிண்டிருக்காரு, தங்கச்சி. மறுகா தெற்கால வருவாரு."

வாதாடவில்லை. இருவரின் கையையும் பிடித்து எங்கள் வீட்டுக்குள் இழுத்து வந்தார். எங்கள் கூரையின் கயிறு வடக்குக் காற்றோடு மல்லுக்கட்டியே நைந்திருந்தது. அவர் தோளிலும் கயிறில்லை, எல்லாம் ஊர்க் கூரைகளில் கட்டியாகிவிட்டது. வாவிக் கரையிலிருந்த தன் குடிசைக்கு ஓடி, அதன் கூரையில் கட்டியிருந்ததை அவிழ்த்து வந்து எங்கள் கூரையைக் கட்டினார்.

கடைசி முடிச்சோடு அது வந்தது. ஆயிரம் பெண்கள் ஒரே மூச்சில் குரவையிட்டதுபோல் ஒரு சத்தம். வடக்குப் பக்கக் குசினியில் ஐந்து பேரும் மேசைக்குக் கீழே சுருண்டோம். என் மனைவி தேவாரம் மறந்து பெருக்கல் வாய்ப்பாடு சொன்னாள். மேலே கூரையைத் தாங்கும் தீராந்தி முனகியது. அப்போது கயித்தரின் குரல், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல், மெல்லக் கேட்டது:

"வாங்க... வந்திட்டீங்க, சரி. இஞ்ச ஒண்டுமில்ல. அங்கால போங்க."

யாரோ பதிலுக்கு மூச்சு விட்டதுபோல் எனக்குக் கேட்டது. இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை.

காற்று ஓய்ந்து வெளியே வந்தபோது பூமணி அக்காவின் வீட்டில் நாலு சுவர் மட்டும் நின்றது. கயித்தரின் குடிசை இருந்த இடத்தில் ஒரு கம்புகூட இல்லை. யாரோ கூட்டித் துடைத்துவிட்டதுபோல் வெறும் ஈர மணல். அவர் குனிந்து அந்த மணலைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆள் அங்கால போயிருக்காரு" என்றார்.

கயித்தரின் மகள் வந்து அவரை நாவற்குடாவில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கொங்கிரீட் வீடு. அங்கே கண்ணே மூடுதில்லையாம், சோறும் இறங்குதில்லையாம். போன கிழமை நான் போய்க் கூட்டி வந்துவிட்டேன்.

எங்கள் முன்னறையில் அவருக்குப் பாய் விரித்து, தலையணைக்குப் புது உறை போட்டு வைத்தது பூமணி அக்கா.