அண்ணாதுரை மறைத்த ஈரம்

சுந்தராம்பாளுக்கு ஒரு சொட்டுகூடத் தெரியக்கூடாது. டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே அண்ணாதுரை முடிவு கட்டிவிட்டார்.

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் ஆரம்பத்திலேயே அகப்பட்டது. சுரப்பியை எடுத்தாகிவிட்டது. உயிருக்கு இனிப் பயமில்லை. ஆனால் டாக்டரம்மா இரண்டு விஷயங்களைத் தணிந்த குரலில் சொன்னார். இருமினால், சிரித்தால், எழுந்தால் கொஞ்ச மாதத்துக்குச் சிறுநீர் கசியும். தாம்பத்தியமும் உடனே பழையபடி வராது, நரம்பு தேற ஒரு வருஷத்துக்கு மேலேகூட ஆகலாம்.

"அடுத்த தடவை சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க."

"அவங்க ஊர்ல இல்லீங்க" என்றார் அண்ணாதுரை. சுந்தராம்பாள் அப்போது வெளியே மருந்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

வல்லம் வடகாலில் கார் ரேடியேட்டர் செய்யும் கம்பெனியில் அவர் லீக் டெஸ்ட் சூப்பர்வைசர். ரேடியேட்டரைத் தண்ணீரில் அமுக்கி, ஒரு குமிழி வந்தாலும் "ரிஜெக்ட்" என்று ஒதுக்கியே இருபத்திரண்டு வருஷம். சோதனை செய்தவருக்கே சோதனை!

திட்டம் போட்டார். ஸ்ரீபெரும்புதூரில் தெரிந்த முகமில்லாத மருந்துக்கடையாகப் பார்த்து டயப்பர் வாங்கி, பழைய குக்கர் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றினார். பாயை ஹாலுக்கு மாற்றினார்.

"இன்னாய்யா திடீர்னு ஹாலு?"

"என் கொறட்டைல உனக்குத் தூக்கம் கெடுதில்ல?"

"முப்பது வருசமா கெடாதது இப்பவா கெடுது?"

"அதான், இனிமேயாச்சும் தூங்குன்றேன்."

"சரி" என்று தலையணையை நீட்டினாள். கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து டாக்டரம்மா சொன்ன பயிற்சியைச் செய்வார். மூத்திரத்தை அடக்குவதுபோல் இறுக்கி, எண்ணிக்கொண்டே சற்றுப் பொறுத்து, விட வேண்டும். இறுக்குவார். கம்பெனி மதில்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் குட்டை ஒன்று பனியில் மிதந்து வரும். விடுவார். அதிலிருந்து ஒரு கொக்கு எழும்பும். இறுக்க, விட, இறுக்க, விட, தாமே கொக்காகி, அலுங்காமல் குலுங்காமல், சுத்தமாகக் காய்ந்த சிறகோடு ஒரகடம் மேம்பாலத்துக்கு மேலே பறந்துகொண்டிருப்பார்.

"அண்ணே, யார் மேல கோவம்? மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்பான் பக்கத்து சீட்டு நடேசன். அடுத்த வீட்டுக்காரனும் அவன்தான். கொக்கு தொப்பென்று விழும்.

நான்காம் மாதம் ஓர் அதிசயம். எடுக்க எடுக்கப் பெட்டியில் டயப்பர் குறையவே இல்லை. அப்படியென்றால் எடுப்பதே குறைந்துவிட்டது! குணம்! அன்று முழுக்க அவர் கால் தரையில் படவில்லை.

அந்த மிதப்பிலேயே, மணிமங்கலத்தில் நடேசனின் தங்கை மஞ்சுளா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு டயப்பர் இல்லாமல் வெறும் வேட்டியோடு போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். நடேசன் தன் மாமியார் கதையை எடுத்துவிட்டான். அவள் வேலைக்குப் போகும் கம்பெனி கேட்டில், முகம் பார்த்துத் திறக்கும் மெஷின் அவளைப் பார்த்து "மீண்டும் முயலவும்" என்றதாம். மாமியார் பவுடர் பூசிக்கொண்டு வந்து நின்றாளாம்.

அண்ணாதுரை வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மற்றது நிற்கவில்லை.

வெள்ளை வேட்டி. எதிரே முப்பது பேர். எழுந்தால் மானம் போச்சு. எழாமல் இங்கேயே குடியிருந்துவிடலாமா, மஞ்சுளா ஓர் அறை வாடகைக்கு விடுவாளா என்று யோசித்தார்.

"ஐயோ, என் கையில கொள்ளிய வெக்க!"

ஒரு சொம்புத் தண்ணீர் நேராக அவர் மடியில் கவிழ்ந்தது. பரிமாறிக்கொண்டிருந்த சுந்தராம்பாள்! "ஒரு தண்ணி ஊத்தத் தெரியல எனக்கு. எழுந்திரிய்யா, மாத்திக்கலாம்." பந்தி மொத்தமும் அவளைத் திட்டியது. அண்ணாதுரைக்காகப் பரிதாபப்பட்டது.

உள்ளறையில் கதவைச் சாத்திவிட்டுத் தன் பையைத் திறந்தாள். மடித்த வேட்டி. அதன்மேல் ஒரு டயப்பர்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரி ஃபாரத்துல நான் எழுதுனது என் போன் நம்பரு. எல்லா மெசேஜும் எனக்குத்தான் வருது. டாக்டரம்மாவப் போய்ப் பாத்தேன். ஊர்லேர்ந்து எப்பம்மா வந்தீங்கன்னு கேட்டாங்க."

"பெட்டி?"

"வாராவாரம் நாந்தான் ரொப்பறேன்."

அவர் அங்கிருந்த பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. "அது மட்டும் இல்ல சுந்தரா. இன்னொன்னும்…"

"தெரியும். அதான் கொறட்டைன்னு சாக்கு சொல்லிக்கினு ஓடுனே. மாத்திரை கீதாம், வேற வழியும் கீதாம். ரெண்டு பேரும் சேந்து வாங்கன்னாங்க. அதுக்குள்ள பக்கத்துல படுத்தா யாராச்சும் கேஸ் போடப் போறாங்களா? நாலு மாசமா ஃபேன்கிட்ட பேசிக்கினு கீறேன்."

புதுப் பெயிண்ட் வாசனையில் அந்த அறையே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது அவருக்கு. பாயைச் சுருட்டிவிட வேண்டியதுதான். கூச்சத்தை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

"எப்டியோ, கொஞ்ச நாளாச்சும் உங்கிட்ட மறைச்சேனா இல்லியா?"

"நீ மறைச்சே!" சுந்தராம்பாள் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று கால் பின்னி நின்றாள். "மதிவதனி பொறந்ததுலேர்ந்து எனக்கும் இதேதான்யா. பொண்ணுக்கு இருபத்தாறு வயசு ஆவுது. என்னிக்காச்சும் கண்டியா நீ?"

அண்ணாதுரை எழுந்து ஈர வேட்டியின் முடிச்சை அவிழ்த்தார்.

"டாக்டரம்மா எனக்கும் அதே பயிற்சிதான் சொல்லிக் குடுத்தாங்க" என்று வேட்டியை உதறி நீட்டினாள். "நீ இறுக்கிப் புடிச்சிக்கினு எவ்ளோ வரைக்கும் எண்ணுறே?"

"அஞ்சு" என்றார் அண்ணாதுரை, சற்றுப் பெருமையாக.

"நான் பத்து."