இறுகவே இறுகாத ஸ்கர்ட்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி பயத்தோடு வணங்கி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அந்தச் சுகம்தான் கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று டாக்டரம்மா சொல்கிறார்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் மகளின் பள்ளிக்கூட ஸ்கர்ட்டை இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் நான்தான் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். மற்ற வீடுகளில் பிள்ளை பெருத்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும். தையல்காரன் வீட்டில் அதற்கு வழியேது? கொக்கி திணறுகிற மாதிரித் தெரிந்தால் போதும், அவள் குளிக்கப் போன நேரத்தில் உள்தையலில் மடித்து வைத்திருக்கும் துணியைப் பிரித்து அரை இஞ்சு விட்டுவிடுவேன். பதினாலு வயசுப் பிள்ளை, மனசு நோகுமே என்று. உள்தையல் தீர்ந்ததும் ஒட்டுத்துணி வைத்து மடிப்புக்குள் மறைத்தேன். வேலை அவ்வளவு சுத்தம், நானே சொல்லக்கூடாது.

பள்ளிக்கூடத்தில் எடை பார்த்துச் சீட்டு அனுப்பிவிட்டார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா, "சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. துணி இறுகினப்போகூடவா கவனிக்கலை?" என்றார். "இறுகவே இல்லையே டாக்டர்" என்றாள் என் மனைவி, பாவம், மனசார நம்பி. அப்புறம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா அவள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டதில் மிச்ச மானமும் போச்சு. நான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் மெஷின் மிதிக்கிறேன், மெஷின் இருப்பது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், சத்தத்தில் தூங்க முடியாமல் அவள் போனை நோண்டுகிறாள், பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்ததே என்று நான் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுகிறேன், காலையில எந்திரிக்க முடியாம வெறும் வயித்தோட ஓடறா, சாயங்காலம் அந்தப் பசிக்குச் சிப்ஸும் கூல்டிரிங்க்ஸுமா ஈடு கட்டறா. "தூக்கம் குறைஞ்சா பசி கூடும். பிள்ளையைக் குறை சொல்லாதீங்க, முதல்ல மெஷினை நிறுத்துங்க"ன்னுட்டாங்க.

அப்புறம் ரெண்டு நாள் மக எங்கூடப் பேசலை, அக்கா. மூணாம் நாள் வந்து, "ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. உனக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியலை. என் உடம்புதானேப்பா?"ன்னா. அன்னைக்கு எனக்கு ஊசியில நூல் கோக்க வரலை. இனிமே யாருக்கும் ரகசியமா ஒரு தையல்கூடப் பிரிக்க மாட்டேன், பிரிச்சதையும் மறைக்க மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். இப்போ பேசறா.

எட்டரைக்கு மெஷினுக்கு உறை போட்டுடறேன். பேன்ட் கேட்டு வந்தவர்கிட்ட, "மக தூங்கப் போறா, நாளைக்கு வாங்க"ன்னேன். "மணி ஒம்பதுதானேய்யா?"ன்னார். "அதான்"னேன். அவ தூங்கிடறா. நான்தான் வேலையில்லாம ஃபேனோட இறக்கையை எண்ணிக்கிட்டுப் படுத்திருக்கேன். மூணுதான் இருக்கு, சீக்கிரம் முடிஞ்சுடுது.

லீவுக்கு அவளை உன்கிட்ட அனுப்பறேன். காலையில சாப்பிட வை, ஒம்பதரைக்கு விளக்கை அணை. "பிள்ளையை இப்படியா ஊதவிடுவே?"ன்னு போன்ல என்னை ஏசினே, சரிதான். அவகிட்ட மட்டும் அப்படிப் பேசிடாதே.

அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் எல்லாரும் வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி, பல்லாண்டு நலமாக இருக்க வேண்டும்.

பணிவுடன்,
உன் தம்பி

பி.கு.: சத்தியம் பண்ணிட்டதால சொல்லித்தான் ஆகணும். "ரெண்டு பெத்தும் என் கல்யாண ரவிக்கை இன்னைக்கும் அப்படியே பொருந்துது"ன்னியே. கொக்கி மாத்த என்கிட்டக் கொடுத்தனுப்புவியே, அதேதான். அதுல உள்தையல் தீர்ந்து ஆறு வருஷமாச்சு, அக்கா.