ஆள்கூட்டி அண்ணாச்சியும் நிற்காத பஸ்ஸும்

தன்னை இரட்டையாகப் பெறாததற்காகப் பெற்ற தாயிடம் கோபித்துக்கொண்ட ஒரே மனிதர், இந்த உலகத்தில் எங்கள் மாவிளை ஆள்கூட்டி அண்ணாச்சிதான். தனியாக எதையும் செய்யமாட்டார். சவரத்துக்கு நாலு பேர் துணை, பல் பிடுங்க எட்டுப் பேர், ஆற்றில் குளிக்க ஒரு படையே வேண்டும். கருப்பட்டி வியாபாரி. நிஜப் பெயரைக் கேட்டால், அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்றுதான். பக்கத்து ஊரான புளியன்விளையில் பஸ் நின்றது. எங்கள் ஊரில் புழுதியை வாரி இறைத்துவிட்டு நிற்காமல் போனது. மாவிளையில் ஆளே இல்லை என்பது பஸ் முதலாளியின் கட்சி. அது போதாதென்று, மார்த்தாண்டத்தில் நான் பெண் கேட்டிருந்த ரோசம்மாவின் அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸு நிக்காத ஊருக்கா எனக்க மவள அனுப்பணும்? நாளைக்கு பேறுகாலம்னா கட்டில்ல வச்சா தூக்கீட்டு வருவிய? புளியன்விளை சாமுவேலும் கேட்டிருக்கான், பாத்துக்கிடுங்க."

சாமுவேல்! பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து எழுதியே பாஸானவன். அவனிடம் அப்படி என்ன இருக்கிறது? வாசலில் ஒரு பஸ், அவ்வளவுதானே! எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் அண்ணாச்சியின் காதுக்குப் போனது.

"ஆளில்லன்னா சொன்னான்? லே மக்கா, ஆளு எம்பிடு வேணும்னு கேளுலே!"

ஒரு சனிக்கிழமை முதலாளியையே பஸ்ஸோடு வரவழைத்தார். வேதக்கோயில் மணியை அடித்து ஊரை ரோட்டில் இறக்கினார். கைக்குழந்தை, நடக்கமாட்டாத கிழவர், மண்டைக்காட்டிலிருந்து விருந்துக்கு வந்தவர்கள், ஒருவரையும் விடவில்லை. முதலாளி வாயைப் பிளந்தார். கண்டக்டர், "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினான். ஒரே ஒரு கிழவி ஏறினாள்.

"மத்தவங்க ஏறலியா?"

"நாங்க பாட்டிய வழியனுப்ப வந்தோம்!"

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கச் சம்மதித்தார். தினமும் ஒருவராவது ஏறவேண்டும். ஒரு நாள் தவறினாலும் பஸ் நிற்காது.

புதுமோகத்தில் சில நாள் ஏறினார்கள். அப்புறம் ஒருவருக்குப் பனையேற்று, இன்னொருவருக்கு வயல். எனக்கோ வாத்தியார் வேலை, காலையில் அசைய முடியாது. அண்ணாச்சி வீடு வீடாகக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் வரவில்லை. கடைசியில் அவரே ஏறினார், தன்னந்தனியாக! மார்த்தாண்டத்தில் இறங்கி, நடந்தே ஊர் திரும்புவார்.

"தனியாவா போறிய அண்ணாச்சி?"

"பயந்து விறைச்சுதான் போறேன் மக்கா. ஒனக்க கலியாணம் ஒறப்பாவட்டும், பெறவு எவன் ஏறுவான் இந்தச் சனியன்ல?"

எனக்குக் கண் கலங்கியது. அது மறுநாள் வரைதான். மறுநாள் வந்து சொல்கிறார்:

"தாகத்துக்கு ரோசம்மைக்க வீட்டுல நுழைஞ்சேன், அவ மோரு தந்தா. நல்ல பெண்ணாக்கும், கேட்டியா? நான் பேச்சு கொடுத்தா விழுந்து விழுந்து சிரிக்கா."

அவள் குரலைக்கூட நான் கேட்டதில்லை! இந்த மனுஷன் தினமும் அவள் கையால் மோர் குடிக்கிறார், சிரிக்க வேறு வைக்கிறார். சாமுவேல் மீதிருந்த பொறாமையெல்லாம் அண்ணாச்சி மீது திரும்பியது. ஒரு நாள் மோரில் இஞ்சி போட்டிருந்தாளாம். அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காரணமில்லாமல் அடி விழுந்தது.

மாதம் முடிந்தது. பஸ் நிலைத்தது. பெண்ணின் அப்பாவும் இறங்கி வந்தார்.

கல்யாணத்தன்று ஊரே பஸ்ஸில் ஏறியது. மாப்பிள்ளை மிடுக்கோடு நான் முன்சீட்டில் உட்காரப் போனேன். டிரைவர் கையை நீட்டித் தடுத்தார்.

"மாப்பிள்ள பின்னால போங்க. இது அண்ணாச்சிக்க சீட்டாக்கும்."

கல்யாண நாளிலுமா! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அதில் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்த அண்ணாச்சியோ ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார். நெருக்கியடித்து உட்கார்ந்தேன். மார்த்தாண்டம் வரும்வரை அவர் என் கையை விடவே இல்லை, நானும் உருவிக்கொள்ளவில்லை.